ஓடைக்கரைத் துணை

தோபித்து நூலை வாசிக்கும்போதெல்லாம் அதில் வரும் நாய் நம் கருத்தை ஈர்ப்பதுண்டு. இளைஞன் தோபியா தந்தையின் பணத்தைப் பெற்றுவரத் தொலைநாட்டுக்குப் புறப்படுகிறான். வானதூதர் இரபேல் வழித்துணையாக நடக்கிறார். கூடவே வீட்டு நாயும் போகிறது. முதல் நாள் இரவு திக்ரீசு ஆற்றங்கரையில் தங்குகிறார்கள். பிறகு அந்த நாயைக் காணோம். திரும்பி வரும்போதுதான் மீண்டும் பின்னால் வருகிறது. அது குரைத்ததாகவோ, கள்வரை விரட்டியதாகவோ, எவரையும் காத்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. இலத்தீன் மொழிபெயர்ப்பில் மட்டும் அது முன்னே ஓடிவந்து வாலை ஆட்டி மகிழ்ந்ததாக ஒரு சிறு சேர்க்கை உண்டு. குருமடத்தில் நமக்கு விவிலியம் கற்பித்த பேராசிரியரிடம், "இந்த நாய் எதற்காக, சுவாமி?" என்று ஒருமுறை கேட்டோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தவாறே, "தேர்வுக்கு வராது" என்றார்.

நாம் அவ்வாறு கேட்டதற்குப் புலமை மட்டும் காரணமன்று. நாய் என்றாலே நமக்கு அச்சம். ஏழு வயதில் ஊர்த் தெருவில் ஒரு நாய் கணுக்காலைக் கவ்வியது. அந்நாளில் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. நாளுக்கொன்றாக அரசு மருத்துவமனைக்கு நம்மை இழுத்துச் சென்ற அன்னையின் கைப்பிடி இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. ஆரோக்கியநாதர் என்று நம் ஊர்களில் வணங்கப்பெறும் புனித ரோக்கின் சுரூபத்தைக் காணும்போதும், அவர் காலடியில் அப்பத்தைக் கவ்வி நிற்கும் நாயை விட்டுச் சற்று விலகி நின்றே செபித்திருக்கிறோம். பங்குகளில் திருப்பலி வேளையில் கோவிலுக்குள் நுழையும் நாயை உபதேசியார் பிரம்பால் விரட்டும்போது, அவரைத் தடுக்க வேண்டும் என்று ஒருநாளும் நமக்குத் தோன்றியதில்லை.

இத்தகைய நாம் 2018 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் மூன்று மாதங்கள் ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரில், துறைமுகத்துக்கு வடக்கே உள்ள ஒரு பங்கில், விடுப்பில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாகப் பணியாற்ற நேர்ந்தது. நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு வருவோர் பன்னிரண்டு பேர். அவர்களுள் கடைசி இருக்கையில் அமரும் முதியவர் ஒருவர். ஐரிஷ் வழியினர், மனைவியை இழந்தவர், எண்பதைக் கடந்தவர். அவருடைய நாய் வெளியே கைப்பிடிக் கம்பியில் கட்டப்பட்டு, திருப்பலி முடியும்வரை ஓசையின்றிக் கிடக்கும். கெல்பி என்னும் ஆட்டுமந்தை நாய் இனம். துருவின் நிறம், ஆகவே ரஸ்டி என்று பெயர். நாம் ஆடையறைக் கதவு வழியாகவே போய்வந்தோம்.

செப்டம்பர் நடுவில் முதியவர் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பிள்ளைகள் நாட்டின் மறுகோடியில், பெர்த் நகரில். நோயில்பூசுதல் கொடுக்கச் சென்றபோது அவர் தம்மைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஃபாதர், ரஸ்டியை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா?" என்றார். பேச்சை மாற்றினோம். மறுநாளும் அதையே கேட்டார். மூன்றாம் நாள் கேட்கவில்லை, பார்த்தார். ஒப்புக்கொண்டோம்.

நடுங்கிய கையெழுத்தில் ஒரு தாள் தந்தார். எத்தனை வேளை உணவு, எந்தப் போர்வை, இடி இடித்தால் என்ன செய்வது என்று ஏழெட்டு வரிகள். நடுவில் ஒரு வரி: 'டிக், அக்டோபர் 1'. அந்நாளில் எல்லாவற்றையும் சரிபார்த்துக் குறியிட வேண்டும் போலும் என்று பொருள் கொண்டோம். குழந்தை இயேசுவின் புனித தெரசாள் திருநாளாகிய அன்று உணவுப் பையைத் திறந்து பார்த்து, அவ்வரிக்கு எதிரே பேனாவால் அழகாக ஒரு குறியும் இட்டோம். பள்ளியில் விடைத்தாள் திருத்திய பழக்கம்.

முதல் வாரம் ரஸ்டியும் நாமும் இரு நாட்டுத் தூதுவர்கள்போல் எட்ட இருந்தோம். அந்நாட்டு நாய்களிடம் வெறிநோய் இல்லை என்று அறிவு சொல்லிற்று. தொப்புள் நம்ப மறுத்தது. ஆயினும் நாளுக்கு இருமுறை அதை நடத்திச் செல்ல வேண்டியிருந்தது. தேசியப் பூங்காக்களில் நாய்களுக்கு இடமில்லை. நகராட்சியின் ஒதுக்குக்காடுகளில்தான், அதுவும் கழுத்துவாருடன். நாயின் கழிவைப் பையில் பொதிந்து எடுத்துச் சென்று தொட்டியில் இடுவது அங்கே கடமை. இருபத்தைந்து ஆண்டுக் குருத்துவ வாழ்வில் தாழ்ச்சியைப் பற்றி நாம் ஆற்றிய மறையுரைகள் பல. ஒரு மாலை வேளை, கையில் அந்தப் பையுடன் நிற்கும்போது எதிரே வந்த பங்குப் பேரவைச் செயலாளர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். அன்றைய செய்தியை எந்த மறையுரையிலும் நாம் சொன்னதில்லை.

நாங்கள் நடந்தது பிளாட் ராக் ஓடை வழியே. நேரம்பர்ன் பகுதியிலிருந்து பள்ளத்தாக்கில் இறங்கி, தொங்குபாலம் எனப்படும் பாலத்தின் அடியில் புகுந்து, டங்ஸ் பூங்காப் புல்வெளியைக் கடந்து கடற்கழியில் சேரும் சிற்றோடை அது. பாலம் 1892இல் உண்மையாகவே கம்பிவடங்களில் தொங்கியதாம். வடங்கள் துருப்பிடித்துவிட, 1939இல் காங்கிரீட் வளைவுப் பாலமாக மாற்றினார்கள். கோட்டைபோன்ற கற்கோபுரங்கள் அப்படியே நிற்கின்றன. பெயரும் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கிறது. இவையெல்லாம் கேமரேகல் பழங்குடியினரின் நிலம். அவர்கள் காலத்துக்கு வெகுநாள் பின்னர், பள்ளத்தாக்கின் மேற்பகுதி பல்லாண்டுகள் நகரக் குப்பையைக் கொட்டும் இடமாய் இருந்தது. இன்று நடப்பவருக்கு அது தெரியாது. காலடியில் குப்பை, மேலே காடு.

வெயில் ஏறிய வேளையிலும் அங்கே நிழல் குளிர்ந்திருக்கும். மணற்கற் பாறைகளின் இடுக்கில் மரப்பெரணிகள் குடைவிரித்து நிற்கும். லில்லிபில்லி என்றொரு மரம், நம் நாவலின் இனத்தைச் சேர்ந்தது. தளிர் செந்நிறமாக வரும்போது பார்த்தால் ஊர் நினைவு வராமல் போகாது. பாறையைப் பற்றி விழுதுபோல் வேர் இறக்கிய அத்தி வகை ஒன்று. அங்கோஃபோரா என்னும் மரம் வசந்தத்தில் பட்டையை உரித்து, உள்ளே வெளிர்சிவப்பாகக் குழந்தையின் தோல்போல் நிற்கும். ஓடைக் கல்லின்மேல் நீரோணான் தலையை உயர்த்தி அசையாது அமர்ந்திருக்கும். ரஸ்டி அதைக் காணும், நம்மைப் பார்க்கும், கழுத்துவாரைப் பார்க்கும், பெருமூச்சு விட்டுக் கடந்துசெல்லும். துறவறப் பயிற்சி பெற்ற நாய் என்று எண்ணிக்கொண்டோம்.

யூக்கலிப்டஸ் இலையைக் கசக்கி முகர்ந்தால் நீலகிரித் தைலம். 1843இல் நீலகிரியில் நட்ட மரங்கள் இந்நாட்டிலிருந்து வந்தவை. சளி பிடித்த இரவுகளில் அன்னை நம் நெஞ்சில் தேய்த்தது இந்தக் காட்டின் மணத்தைத்தான் என்பது ஐம்பது வயதில் தெரியவந்தது. அதே பள்ளத்தாக்கின் ஓரத்தில் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துப் புதராய் மண்டிக் கிடந்த செடியும் நமக்குப் பழக்கமானதே. ஊரில் அதை உண்ணிச்செடி என்போம். லாண்டானா என்பது அதன் உலகப் பெயர். அமெரிக்க மண்ணுக்குரியது. 19 ஆம் நூற்றாண்டில் தோட்டத்து அழகுக்காக இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டு, இரு நாட்டுக் காடுகளையும் விழுங்கிவிட்டது. நம் மலைக்காட்டு மக்களுக்கும் சிட்னி நகராட்சிக்கும் ஒரே பகை.

அந்தப் புதரின் அருகேதான் ஒரு சனிக்கிழமை காலை யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவரைச் சந்தித்தோம். நம் பங்கினர். ஓய்வுபெற்ற செவிலியர். 1980களில் போருக்குத் தப்பி வந்தவர். அகன்ற தொப்பியும் கையுறையுமாக மண்டியிட்டு, சிறு கத்தியால் களைகளை ஒவ்வொன்றாக வேரோடு எடுத்துக்கொண்டிருந்தார். உடன் ஐந்தாறு தொண்டர்கள். புதரே மதில்போல் நிற்க, அதைத் தொடாமல் நல்ல மரங்களுக்கு நடுவே கிடந்த சின்னஞ்சிறு நாற்றுகளை ஏன் பிடுங்குகிறீர்கள் என்று கேட்டோம். "கெட்டதில துடங்கக் கூடாது, சுவாமி. நல்லா இருக்கிற இடத்தில துடங்கி, மெல்ல மெல்ல வெளிய போக வேணும்" என்றார்.

இது அவர் கண்டுபிடித்ததன்று. 1960களில் சிட்னியின் மோஸ்மன் பகுதியில் ஐலீன் பிராட்லி, ஜோன் பிராட்லி என்னும் சகோதரிகள் இருவர் தம் வீட்டருகே இருந்த காட்டில் நடந்து நடந்து கண்ட முறை. புதரை ஒரேயடியாக வெட்டினால் வெற்றுமண்ணில் களையே முந்தி முளைக்கும். ஆகவே நலமாக உள்ள பகுதியின் விளிம்பில் சிறிதளவு களையெடுக்க வேண்டும். மண்ணை இயன்றவரை கலைக்கலாகாது. அங்கே இயற்கைச் செடி தானாக முளைத்து இடத்தைப் பிடித்துக்கொண்ட பின்னரே அடுத்த அடி. காடு எவ்வளவு விரைவாக வருகிறதோ அவ்வளவு விரைவாகவே மனிதன் போகலாம். ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் இத்தனை ஆண்டுகளாக மக்களுக்குச் சொல்லிவந்த அறிவுரைகள் நினைவுக்கு வந்தன. பெரும்பாலும் புதரிலேயே தொடங்கியிருக்கிறோம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் ரஸ்டி உண்ணிச்செடியின் நிழலில் புகுந்து வயிறு மண்ணில் படப் படுத்துக்கிடந்தது. அம்மையார் அதைப் பார்த்துவிட்டு, "உதுக்கு மருந்து குடுத்தனீங்கள்தானே, சுவாமி?" என்றார். தாளில் இட்ட குறி நம் மனக்கண்ணில் தெளிவாக நின்றது. "எல்லாம் குறித்தபடி நடக்கிறது" என்றோம். குருவானவரின் குரலில் சொன்னபடியால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அதற்குச் சில நாள் முன்னர்தான் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் திருநாளையொட்டி, அந்நாட்டு வழக்கப்படி, கோவில் முற்றத்தில் வீட்டு விலங்குகளுக்கு ஆசீர் வழங்கியிருந்தோம். நாய்கள், பூனைகள், ஒரு சிறுமியின் கண்ணாடித் தொட்டியில் தங்கமீன். ரஸ்டியின் தலையில் தீர்த்தம் சற்று மிகுதியாகவே விழுந்தது. ஆசீர் தந்தோம். மாத்திரை தரவில்லை.

செவ்வாய் இரவு அம்மையார் இடியப்பம் கொண்டுவந்து மணியடித்தார். ரஸ்டி குரைத்தது. அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார். "இதின்ரை குரல் மாறிப்போச்சு, சுவாமி." நமக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒரு மாதமாய் ஒரே கூரையின்கீழ் இருந்தும் அதன் குரலை நாம் கேட்டிருக்கவில்லை. எழுந்து நடக்கையில் பின்னங்கால்கள் குடிகாரனுடையவைபோல் பின்னின. அம்மையார் தரையில் அமர்ந்து மயிரைப் பிரித்துப் பிரித்து விரலால் தேடினார். இடக் காதின் பின்புறம், சாம்பல் நிறத்தில், குருதி குடித்து உப்பிய ஒரு உண்ணி.

அதற்கு ஆங்கிலத்தில் டிக் என்று பெயர்.

சிட்னியும் அதை அடுத்த கிழக்குக் கரையும் முடக்கு உண்ணியின் நாடு. பண்டிக்கூட் என்னும் சிறு காட்டு விலங்கின்மேல் வாழ்வது. அவ்விலங்கை அது பெரிதும் வருத்துவதில்லை. நாயின்மேல் ஏறினால் அதன் உமிழ்நீரில் உள்ள நஞ்சு மூன்று நான்கு நாளில் முதலில் குரலையும் பின்னங்கால்களையும், பிறகு மூச்சையும் முடக்கும். வசந்தகாலத்தில், ஈரமும் நிழலும் உள்ள ஓடைக்கரைகளில் மிகுதி. மூன்று மாதத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் தடுத்துவிடலாம். அது சமையலறை மேலலமாரியில் பெட்டி பிரிக்காமல் முதியவர் வீட்டில் இருந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். நிழலில் ஒன்று காத்திருக்கும் என்று எவரும் சொல்லவில்லை. இல்லை, ஒருவர் எழுதியே தந்திருந்தார்.

இரவுநேர விலங்கு மருத்துவமனைக்கு அம்மையாரின் காரில் சென்றோம். ரஸ்டியின் தலை நம் மடியில். அதன் பற்கள் இருந்த இடத்துக்கும் நம் கைக்கும் இடையே எந்த அச்சமும் இருக்கவில்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தோம். இளம் மருத்துவர் உண்ணியை அகற்றினார். "இனிமேல்தான் மோசமாகும். இரண்டு நாள் பார்க்க வேண்டும்" என்றார். மயக்கமருந்து கொடுத்து, வேறு உண்ணிகள் உண்டா என்று தேட மயிர் முழுவதையும் மழித்து, முறிமருந்து ஏற்றினார்கள். அம்மருந்து எதிலிருந்து வருகிறது என்று கேட்டோம். நஞ்சைச் சிறிது சிறிதாக ஏற்றுத் தாங்கும் வலிமை பெற்ற வேறு நாய்களின் குருதியிலிருந்து என்றார். நாம் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது அன்றாட வேலை.

நாய்க்காகச் செபிக்கலாமா? பழைய உரோமைச் சடங்கு நூலில் தேனீக்கும் பட்டுப்புழுவுக்கும் ஆசீர் உண்டு, நோயுற்ற விலங்குகளுக்கென்றே தனி மன்றாட்டும் உண்டு. அன்றிரவு நமக்கு நூல் நினைவில்லை. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவே.

புதன் காலை முதியவருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் நாள். "ரஸ்டி எப்படி இருக்கிறான்?" என்றார். "தூங்கிக்கொண்டிருக்கிறது" என்றோம். பொய்யன்று. மயக்கத்தில் இருந்தது. அவர் சிரித்தார். "சோம்பேறி" என்றார்.

கேட்பவர் தவறாகப் புரிந்துகொள்ளும்படி உண்மையின் ஒரு பாதியை மட்டும் சொல்வதை அறநெறி இறையியல் மனத்துள் ஒதுக்கல் என்று ஆராயும். நைல் நதியில் தம்மைத் துரத்தி வந்தவர்கள் "அத்தனாசியார் அருகில் இருக்கிறாரா?" என்று கேட்க, "தொலைவில் இல்லை" என்று படகிலிருந்தே மறுமொழி கூறிய புனிதரின் கதையைக் குருமடத்தில் வாய்விட்டுச் சிரித்துக் கேட்டோம். திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679இல் இத்தகைய சொல்விளையாட்டின் கடும் வடிவைக் கண்டித்தார். தக்க காரணம் இருந்தால் மென்மையான வடிவம் ஏற்கத்தக்கது என்பர் ஆசிரியர்கள். தேர்வில் இதற்கு நாம் நல்ல மதிப்பெண் பெற்றோம். ஆயின் தக்க காரணம் எது? நோயாளியின் மனம் நோகலாகாது என்பதா? நமது அலட்சியம் வெளிப்படலாகாது என்பதா? வியாழன் முழுவதும் ரஸ்டி மூச்சுக்குத் திணறியது. அன்று நாம் முதியவரைக் காணப் போகவேயில்லை. விடை அதிலேயே இருந்தது.

வெள்ளி மாலை அது தலையைத் தூக்கிற்று. சனிக்கிழமை வீட்டுக்கு அழைத்துவந்தோம், மழித்த ஆட்டைப்போல். மருத்துவச் செலவு நமது மூன்று மாத உதவித்தொகையில் பெரும்பகுதி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஞாயிறு பிற்பகல் நற்கருணைப் பேழையை மேசைமீது வைத்துவிட்டு, அதைத் திறக்கும் முன்னர் முதியவரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். தாளில் இட்ட குறியைச் சொன்னபோது அவர் சிரிப்பார் என்று உள்ளூர எதிர்பார்த்தோம் போலும். அவர் சிரிக்கவில்லை. நெடுநேரம் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் மனைவியின் கடைசி வாரத்திலும், நான் வந்து கேட்டபோதெல்லாம், தூங்குகிறாள் என்றுதான் சொன்னார்கள்" என்றார்.

நமக்குச் சொல் எழவில்லை. மன்னிக்க வேண்டும் என்று சொன்னோமா என்பதும் இப்போது நினைவில்லை. சுவர்க்கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனையோ பேருக்குப் பாவமன்னிப்பு வழங்கிய வாய் வறண்டு கிடந்தது.

பிறகு அவர் கேட்டார்: "மயிரை முழுவதும் மழித்துவிட்டார்களா?"

"ஆம்."

"இரவில் குளிருமே. பீரோவின் கீழ்த்தட்டில் அவளுடைய கம்பளிச் சட்டை ஒன்று இருக்கிறது, பச்சை நிறம். அதை வெட்டிப் போடுங்கள்." சற்று நிறுத்தி, "இனி எது நடந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள், ஃபாதர்" என்றார். பேழையைத் திறந்தோம். கைகளை ஏந்தினார்.

கம்பளிச் சட்டையை வெட்ட மனம் வரவில்லை. கைகளை மடித்துத் தைத்துத் தந்தவர் யாழ்ப்பாணத்து அம்மையார். பச்சைச் சட்டை அணிந்த கெல்பியைப் பங்குமக்கள் எல்லாரும் கண்டார்கள்.

நவம்பர் இறுதியில் முதியவர் நடைச்சட்டத்துடன் வீடு திரும்பினார். நாம் ஊர் திரும்ப இரண்டு நாள் இருந்தது. டங்ஸ் பூங்காவில் புல்வெளி முடிந்து நிழல் தொடங்கும் இடத்தில் ஒரு பலகை இருக்கை உண்டு. அதுவரை அவரால் வர முடிந்தது. ரஸ்டியும் நடைச்சட்டத்தின் வேகத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு, முன்னே ஓடாமல், பக்கத்திலேயே வந்தது. ஓடை அங்கே கற்களுக்கிடையில் ஒலித்துக்கொண்டிருந்தது. மயிர் ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.

வீடு திரும்பியதும், ஒரு மாதமாய் ஒவ்வொரு மாலையும் செய்துவந்தபடி, தரையில் அமர்ந்து அதன் உடலை விரல்களால் தேடினோம். மூக்கிலிருந்து தொடங்கி, உதட்டுக்குள், காதுமடலின் இரு புறம், கழுத்துவாரின் அடியில், விரலிடுக்குகள், வால்வரை. முதியவர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். வயிற்றின் வலப்பக்கத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. சிறிய, கெட்டியான ஒன்று. நெஞ்சு திக்கென்றது. "இங்கே ஒன்று இருக்கிறது" என்றோம்.

அவர் குனியாமலே, "அது மரு, ஃபாதர். குட்டியாக வந்தபோதே இருந்தது" என்றார்.